பஃப் எடுத்ததும் ஏன் வாய் கொப்பளிக்க வேண்டும்?

ஜி.எஸ்.டி. சாலையில் வண்டிப் புகை, மழைக்காலத்தில் சுவரெல்லாம் ஈரம், போகி அன்று விடியற்காலையில் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்க முடியாத அளவுக்குப் புகைமூட்டம். இழுப்பு உள்ள பிள்ளைகளுக்குத் தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் சோதனைக் காலம் அடிக்கடி வரும். உங்கள் வகுப்பிலும் யாராவது இன்ஹேலர் வைத்திருக்கலாம். அதை எழுதிக் கொடுக்கும்போது டாக்டர் தவறாமல் ஒன்று சொல்வார்: "பஃப் எடுத்ததும் வாயை நல்லாக் கொப்பளிச்சுத் துப்பிடணும் கண்ணு, முழுங்கக் கூடாது."

மருந்து போக வேண்டியது நுரையீரலுக்கு. அப்புறம் வாயை எதற்குக் கழுவ வேண்டும்?

இழுப்பு வராமல் தடுக்கத் தினமும் எடுக்கும் பஃப்பில் ஸ்டீராய்டு வகை மருந்து இருக்கிறது. மூச்சுக்குழாயின் உள்சுவர் சிவந்து வீங்கியிருக்கும் அல்லவா? அங்கே அளவுக்கு மீறித் துள்ளிக்கொண்டிருக்கும் நோய் எதிர்ப்புச் செல்களை இது அமைதிப்படுத்துகிறது. வீக்கம் வற்றுகிறது, மூச்சு சீராகிறது. ஆனால் இன்ஹேலரை அழுத்தியதும் மருந்து மிக வேகமாகப் பீய்ச்சி வருவதால், அதில் பெரும்பகுதி தொண்டையிலும் நாக்கிலும் மோதி அங்கேயே படிந்துவிடும். படிந்த இடத்திலும் அது அதே வேலையைத்தான் செய்யும். வாயைக் காவல் காக்கும் செல்களும் சோர்ந்துபோகும்.

அந்தச் சோர்வுக்காகக் காத்திருப்பது போல ஓர் உயிர் நம் வாய்க்குள்ளேயே இருக்கிறது. கேண்டிடா ஆல்பிகன்ஸ் என்பது அதன் பெயர். பூஞ்சை இனம், பேக்கரியில் பன்னை உப்பச் செய்யும் ஈஸ்ட்டுக்குத் தூரத்து உறவு. ஒரு மில்லிமீட்டர் நீளத்துக்குள் ஏறக்குறைய இருநூறு செல்களை வரிசையாக நிறுத்தலாம், அவ்வளவு சிறியது. நலமாக இருக்கும் பலருடைய வாயிலும் குடலிலும் இது எந்தத் தொந்தரவும் தராமல் குடியிருக்கிறது. உமிழ்நீர் அதை ஓயாமல் அடித்துச் செல்கிறது. உமிழ்நீரில் உள்ள லைசோசைம் போன்ற புரதங்கள் அதைத் தாக்குகின்றன. பக்கத்தில் வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் அதற்கு இடமும் உணவும் விடுவதில்லை. இவற்றுக்கெல்லாம் பின்னால் டி செல்கள் என்னும் வெள்ளணுக்கள் நிற்கின்றன.

இதில் ஏதாவது ஒரு காவல் தளர்ந்தால் கேண்டிடா உருவத்தையே மாற்றிக்கொள்ளும். இதை ஆய்வகத்தில் கண்ணால் பார்க்கலாம். மனித இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தில் கொஞ்சம் கேண்டிடாவைக் கலந்து, நம் உடல் சூடான 37 டிகிரியில் வைக்கிறார்கள். இரண்டு, மூன்று மணி நேரம் கழித்து ஒரு துளி எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால், உருண்டையாக இருந்த செல்கள் முளைகட்டிய பச்சைப்பயறு மாதிரி ஆளுக்கொரு வால் விட்டிருக்கும். வந்திருப்பது கேண்டிடா ஆல்பிகன்ஸ்தானா என்று கண்டுபிடிக்க ஆய்வகங்களில் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள். அந்த முளை நீண்டு இழையாகி, கன்னத்தின் உள்தோலுக்குள் நுழையும். அப்போது நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு படியும், எரியும், சாப்பிட்டால் ருசி தெரியாது. டாக்டர்கள் இதை ஓரல் த்ரஷ் என்கிறார்கள். கைக்குழந்தைக்கு வந்தால் அக்கரம் என்று சொல்லும் பாட்டிமாரும் உண்டு.

பஃப்புக்குப் பிறகு கொப்பளிக்கும் தண்ணீர், வாயில் தங்கிய ஸ்டீராய்டைக் கழுவிக்கொண்டு போகிறது. அவ்வளவு எளிய காரியம்தான். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழலை இன்ஹேலரோடு மாட்டினால் இன்னும் நல்லது. பெரிய துளிகள் குழலிலேயே ஒட்டிக்கொள்ளும், நுண்ணிய துளிகள் நிதானமாக நுரையீரலுக்குப் போகும். த்ரஷ்ஷுக்குப் பயந்து பஃப்பை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். த்ரஷ்ஷை மருந்தால் சுலபமாகக் குணப்படுத்தலாம். கவனிக்காமல் விட்ட இழுப்பு உயிருக்கே ஆபத்தாகலாம்.

காவல் தளர்ந்தால் என்ன ஆகும் என்பதைத் தாம்பரத்தில் ஒரு மருத்துவமனை மிக நெருக்கமாகப் பார்த்திருக்கிறது. மின்சார ரயிலில் போகும்போது தாம்பரம் சானடோரியம் என்று ஒரு நிலையம் வருமே, அந்தப் பெயருக்குக் காரணமான மருத்துவமனை அது. 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக அதைத் தொடங்கினார். இங்கிலாந்தில் மெண்டிப் மலையிலும் அவர் ஒரு சானடோரியம் நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் நோயுற்றபோது சில காலம் தங்கியிருந்தது அங்கேதான். தாம்பரம் மருத்துவமனையை 1937-இல் அரசு எடுத்துக்கொண்டது. இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை.

1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவில் எச்.ஐ.வி. கிருமி இருப்பதை முதன்முதலில் கண்டறிந்தார்கள். எச்.ஐ.வி. குறிவைப்பது டி செல்களைத்தான். வாயின் கடைசிக் காவலே விழுந்துவிட்டால் கேண்டிடாவைத் தடுக்க யார் இருக்கிறார்கள்? வெள்ளைத் திட்டுகள் தொண்டை தாண்டி உணவுக்குழாய் வரை இறங்கும். கஞ்சியைக்கூட விழுங்க முடியாமல் நோயாளிகள் தவித்தார்கள். எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொள்ளப் பல இடங்களில் தயங்கிய 1990-களில் தாம்பரம் அவர்களுக்குக் கட்டில் கொடுத்தது. இதை நம் ஊர்ப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். 2004 ஏப்ரல் 1-ஆம் தேதி அரசு எச்.ஐ.வி. கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியபோது, முதலில் தொடங்கிய மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. அந்த மருந்து கேண்டிடாவைக் கொல்வதில்லை, எச்.ஐ.வி. பெருகுவதைத்தான் தடுக்கிறது. அதனால் டி செல்கள் மீண்டும் பெருகின. வாயில் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்த த்ரஷ்ஷும் பலருக்கு வராமல் போயிற்று.

சரி, பூஞ்சையை நேரடியாகக் கொல்லும் மருந்து? அது கிடைக்கக் கொஞ்சம் காலம் பிடித்தது. பாக்டீரியாவின் செல் நம்முடையதிலிருந்து மிகவும் வேறுபட்டது, அதனால் பெனிசிலினுக்கு வேலை சுலபம். பூஞ்சையின் செல்லோ அமைப்பில் நம் செல்லை ஒத்தது. அதைக் கொல்வது நம்மையும் கொல்லக்கூடும். 1948-இல் அமெரிக்காவில் எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுன் என்ற இரண்டு பெண்கள் இந்தச் சிக்கலில் இறங்கினார்கள். ஹேசன் நியூயார்க் நகரத்தில், பிரவுன் ஆல்பனியில். ஹேசன் பல இடத்து மண்ணிலிருந்து நுண்ணுயிர்களை வளர்த்து, பூஞ்சையை எது அடக்குகிறது என்று பார்ப்பார். தேறியதைக் கண்ணாடி ஜாடியில் போட்டுத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்துத் தபாலிலேயே திருப்பி அனுப்புவார். பூஞ்சையைக் கொன்றவற்றில் பெரும்பாலானவை எலிகளையும் கொன்றன. கடைசியில் வர்ஜீனியாவில் நர்ஸ் என்ற குடும்பத்தின் பால்பண்ணை மண்ணில் கிடைத்தது நிஸ்டாட்டின். 1950-இல் உலகத்துக்கு அறிவித்தார்கள். பூஞ்சையின் செல் உறையில் எர்கோஸ்டெரால் என்றொரு கொழுப்பு உண்டு, நம் செல்லில் அதற்குப் பதில் கொலஸ்டிரால். நிஸ்டாட்டின் எர்கோஸ்டெராலைப் பற்றிக்கொண்டு உறையில் ஓட்டை போடுகிறது. உள்ளே இருப்பதெல்லாம் கசிந்து பூஞ்சை சாகிறது. இந்த மருந்தால் வந்த ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு மேற்பட்ட தொகையை இருவரும் தமக்கென எடுத்துக்கொள்ளாமல் அறிவியல் ஆராய்ச்சிக்கே விட்டுவிட்டார்கள்.

நம் நாட்டு மண்ணும் சும்மா இருக்கவில்லை. புனேவுக்குப் பக்கத்தில் பிம்ப்ரியில் உள்ள அரசு நிறுவனம் ஹிந்துஸ்தான் ஆன்டிபயாடிக்ஸ். அங்கே திருமலாச்சார் என்ற பூஞ்சையியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் ஹேமைசின் என்ற மருந்தைக் கண்டுபிடித்து 1961-இல் அறிவித்தார்கள். அதுவும் மண்ணில் வாழும் ஓர் உயிர் தந்ததே, அதுவும் த்ரஷ்ஷுக்குப் பூசும் மருந்தே.

இன்று குளோட்ரிமசோல் போன்ற வேறு மருந்துகளும் வந்துவிட்டன. சொட்டு மருந்தையோ பூசும் மருந்தையோ கொடுத்தால் நேரே விழுங்கிவிடக் கூடாது. நிஸ்டாட்டின் குடலிலிருந்து இரத்தத்துக்குள் அநேகமாகப் போவதே இல்லை. வாயில் திட்டுமேல் பட்டுக்கொண்டிருக்கும் நேரம்தான் அதன் வேலை நேரம். அதனால் சாப்பிட்ட பிறகு மருந்தை விட்டு, வாய் முழுக்கச் சுழற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும். வெள்ளை மறைந்ததும் பாட்டிலை மூடி வைத்துவிடாமல், டாக்டர் சொன்ன நாள்வரை விட வேண்டும். இழைகள் தோலுக்குள் மிச்சம் இருக்கும்.

வீட்டில் தம்பிப் பாப்பா இருந்தால் நாக்கைப் பாருங்கள். பால் படிந்த வெள்ளை, ஈரத்துணியால் மெல்லத் தொட்டாலே போய்விடும். த்ரஷ் லேசில் போகாது. வற்புறுத்தித் தேய்த்தால் அடியில் செக்கச்செவேலென்று புண் தெரியும், இரத்தம்கூடக் கசியும். அப்படியிருந்தால் சுரண்டாமல் டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள். தேன் தடவ யாராவது வந்தால் தடுத்துவிடுங்கள், ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஆகாது. பால் புட்டி, நிப்பிள் எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டெடுக்க வேண்டும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை என்றால் அம்மாவுக்கும் மருந்து தேவைப்படலாம், இல்லாவிட்டால் பூஞ்சை இருவருக்கும் இடையே போய் வந்துகொண்டிருக்கும்.

சளிக்கும் காய்ச்சலுக்கும் மெடிக்கலில் தாமாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுவதும் த்ரஷ்ஷுக்கு வழிவிடும். அது பூஞ்சையைத் தொடாது, அதற்கு இடம் கொடுக்காமல் இருந்த பாக்டீரியாக்களைத்தான் கொல்லும். தாத்தாவுக்குப் பல்செட் இருந்தால் இரவில் கழற்றித் தேய்த்துக் கழுவித் தண்ணீரில் போட்டுவைக்கச் சொல்லுங்கள். பல்செட்டுக்கும் அண்ணத்துக்கும் இடையில் உமிழ்நீர் சரியாகப் போவதில்லை. பெரியவர் ஒருவருக்குக் காரணமே தெரியாமல் த்ரஷ் அடிக்கடி வந்தால், டாக்டர் வாயைப் பார்த்ததோடு நிறுத்தாமல் இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பார்க்கச் சொல்வார். கட்டுக்கடங்காத சர்க்கரை நோயில் உமிழ்நீரிலும் சர்க்கரை கூடும், கேண்டிடாவுக்கு அது சாப்பாடு. தனக்குச் சர்க்கரை இருப்பதையே இப்படி நாக்கைக் காட்டப் போய்த் தெரிந்துகொண்டவர்களும் இருக்கிறார்கள்.