படகில் ஏறும் பொருள்களுக்கு ஒரு பரீட்சை

மாணவ நண்பர்களே, பள்ளிக்குப் புறப்படும்போது உங்கள் பையில் என்னென்ன வைத்துக் கொள்கிறீர்கள்? புத்தகம், பேனா, வடிவியல் பெட்டி, தண்ணீர்ப் புட்டி, சாப்பாட்டு டப்பா. இவற்றுள் ஒன்றை மறந்து விட்டால் என்ன ஆகும்? ஆசிரியர் கடிந்து கொள்ளலாம். பக்கத்தில் இருப்பவரிடம் இரவல் வாங்கிக் கொள்ளலாம். ஆனால் நள்ளிரவில், நாற்புறமும் நீர் சூழ்ந்த இடத்தில் தொழில் செய்பவருக்கு இரவல் கொடுக்க யார் இருக்கிறார்கள்? அவர் கையோடு கொண்டு போகும் பொருள்தான் அவருக்குத் துணை. ஆகவே அந்தப் பொருள்கள் எவ்வளவு நம்பத் தக்கவை என்று பார்ப்பது, இயற்பியல் படிக்கும் நமக்கு நல்ல பயிற்சியாகும்.

சென்னைக்கு வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு ஏரி இருக்கிறது. இந்திய நாட்டின் உப்பங்கழிகளுள் சிலிகா ஏரிக்கு அடுத்த இடம் இதற்குத்தான். ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலுமாகப் பரந்து கிடக்கும் இந்த ஏரியை வங்கக் கடலிலிருந்து பிரிப்பது ஸ்ரீஹரிகோட்டா தீவு. ஏரியின் தென்பகுதியில், பழவேற்காட்டை அடுத்து, நீர் சூழ்ந்த மீனவ ஊர்களுள் ஒன்று பசியாவரம். பல தலைமுறைகளாக ஓடமே அவ்வூருக்குப் பாதையாக இருந்து வந்தது.

இந்த ஏரியின் இரண்டு இயல்புகளை மனத்தில் கொள்ளுங்கள். ஒன்று, ஆழம் குறைவு. சராசரியாக ஏறத்தாழ 1 மீட்டர்தான். மற்றொன்று, உப்பின் அளவு மாறிக் கொண்டே இருக்கும். கோடையில் ஆவியாதல் மிகுவதால் சில இடங்களில் கடல்நீரையும் விட உப்பாகி விடும். வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் வெள்ளத்தைக் கொண்டு வந்து கொட்டியபின் நன்னீரை நெருங்கி விடும்.

இங்கே படகில் ஏறும் பொருள்கள் சிலவற்றை எடுத்துக் கொண்டு, ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்விகள் கேட்டேன். உப்புநீரில் நனைந்தபின்பும் வேலை செய்யுமா? கை நழுவி நீரில் விழுந்தால் மிதக்குமா? இருட்டில், ஒரு கையால், அல்லது கையே படாமல் பயன்படுத்த முடியுமா? ஏரியில் கண்டதையும், கல்லூரி ஆய்வகத்தில் ஒரு வாளி உப்புநீரும் சுருள்வில் தராசும் கொண்டு சோதித்ததையும் வைத்துப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டிருக்கிறேன். மதிப்பெண் என்னுடையது. காரணத்தை நீங்களே சரிபார்க்கலாம்.

பறி

இப்பகுதியில் வாழும் இருளர் மக்களுள் பலர் வலையே இல்லாமல் இறால் பிடிப்பவர்கள். இடுப்பளவு நீரில் இறங்கிச் சேற்றைக் கைகளால் தடவி இறாலைப் பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக் கொள்ளப் பனையோலையால் முடைந்த பறி உண்டு. அதைப் பற்களால் கடித்துப் பிடித்துக் கொள்வார்கள். இரண்டு கைகளும் வேலையில் இருக்கின்றனவே, வேறு என்ன செய்வது?

இரண்டு கிலோ இறாலைப் பல்லால் தாங்க முடியுமா என்று கேட்பீர்கள். நீருக்கு வெளியே கடினம், நீருக்குள் எளிது. ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நினைத்துப் பாருங்கள். இறாலின் உடல் நீரைவிடச் சற்றே அடர்த்தியானது. பத்தில் ஒரு பங்கு மிகுதி என்று வைத்துக் கொண்டாலும், 2 கிலோ இறால் இடம்பெயர்க்கும் நீரின் எடை ஏறத்தாழ 1.82 கிலோ. மீதி 0.18 கிலோதான் பல் தாங்க வேண்டிய சுமை! முடைச்சலின் இடுக்கு வழியே நீர் வந்து போவதால் இறால் கெடாமலும் இருக்கும். பறியில் துருப்பிடிக்க எதுவுமில்லை; மின்கலம் தீர்ந்து போவதும் இல்லை. மதிப்பெண் 9. ஓலை நாளடைவில் மக்கி விடுவதால் ஒன்றைக் குறைத்தேன்.

ஓடக்கோல்

ஆழமில்லாத ஏரியில் துடுப்பைவிட மூங்கில் கோலே சிறந்தது. துடுப்பு நீரைத் தள்ளுகிறது. நீரோ நழுவி ஓடி விடுகிறது. கோல் தரையையே தள்ளுகிறது. நாம் தரையைப் பின்னோக்கித் தள்ள, தரை நம்மை முன்னோக்கித் தள்ளுகிறது. நியூட்டனின் மூன்றாம் விதி இங்கே கண்ணுக்கு நேராக நடக்கிறது. அதே கோல் ஆழம் பார்க்கும் அளவுகோலாகவும், படகைக் கட்டும் முளையாகவும் பயன்படும்.

மூங்கில் ஏன் உள்ளே பொள்ளலாக இருக்கிறது? வளையும் கோலில் இழுப்பையும் அழுத்தத்தையும் பெரும்பாலும் தாங்குவது வெளிப்புறப் பகுதி. நடுப்பகுதிக்கு வேலை குறைவு. வேலையில்லாத இடத்தில் பொருளைச் சேர்க்காமல் விட்டதால் எடையும் குறைந்தது; மிதக்கவும் மிதக்கிறது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. பரந்த நீர்வெளியில் நிமிர்த்திப் பிடித்த கோலே எல்லாவற்றிலும் உயரமான பொருள். உப்புநீரில் நனைந்த மூங்கில் மின்சாரத்தைக் கடத்தும். மின்னல் தெரிந்ததும் விநாடிகளை எண்ணுங்கள். ஒலி 1 கி.மீ. கடக்க ஏறத்தாழ 3 விநாடி ஆகும். 30 விநாடிக்குள் இடி கேட்டால் மின்னல் 10 கி.மீ. தொலைவுக்குள் வந்து விட்டது என்று பொருள். அப்போது விரைந்து கரை சேர வேண்டும். ஓடக்கோலுக்கு மதிப்பெண் 8.

கயிறும் கத்தியும்

கடையில் கயிறு எல்லாம் ஒன்று போலவே தோன்றும். வாளி நீரில் சிறு துண்டைப் போட்டால் வேற்றுமை விளங்கும். நைலானின் அடர்த்தி 1.14, அது மூழ்கும். பாலிபுரொப்பிலீனின் அடர்த்தி 0.91, அது மிதக்கும். நைலான் நீண்டு கொடுத்து அதிர்ச்சியைத் தாங்குவதால் நங்கூரத்துக்கு ஏற்றது. நீரில் விழுந்தவருக்கு வீசுவதற்கோ மிதக்கும் கயிறுதான் வேண்டும். மூழ்கும் கயிற்றை இருட்டில் தேடிப் பிடிப்பது எப்படி? ஆனால் பாலிபுரொப்பிலீன் வெயிலின் புற ஊதாக் கதிரால் நைந்து போகும். நகத்தால் சுரண்டினால் தூளாக உதிரும் கயிற்றை நம்பக் கூடாது. இடத்துக்கேற்ற கயிற்றுக்கு 8. இடம் மாறினால் 3.

காலில் வலை சிக்கினால் அறுப்பதற்குக் கத்தி வேண்டும். சாதாரண எஃகு எளிதில் கூர் ஏறும். ஆனால் ஒரே இரவில் துருப்பிடிக்கும். துருப்பிடிக்கா எஃகில் 10.5 விழுக்காட்டுக்குக் குறையாமல் குரோமியம் உண்டு. அது மேற்பரப்பில் மெல்லிய ஆக்சைடு படலமாகி இரும்பைக் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அயனிகள் அந்தப் படலத்தையும் துளைக்க வல்லவை. ஆகவே எந்தக் கத்தியானாலும் நன்னீரில் கழுவித் துடைக்க வேண்டும். 100 கிராம் எஃகின் பருமன் 13 கன செ.மீ. மட்டுமே. அதை மிதக்க வைக்க இன்னும் 87 கன செ.மீ.க்கு மேல் லேசான பொருள் தேவை. 5 செ.மீ. பக்கமுள்ள ஒரு தெர்மகோல் கட்டி போதும். கட்டி கட்டிய கத்திக்கு 8; கட்டாததற்கு 5.

தலைவிளக்கு

முன்பு படகுகளில் மண்ணெண்ணெய் விளக்கு எரிந்தது. இன்று நெற்றியில் கட்டும் எல்.இ.டி. விளக்கு அந்த இடத்தைப் பிடித்து விட்டது. நீல ஒளி தரும் டயோடைக் கண்டுபிடித்ததற்காக அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. நீல ஒளி மஞ்சள் நிற ஒளிரும் பூச்சின்மேல் படும்போது நமக்கு வெண்மையாகத் தெரிகிறது. 3.7 வோல்ட், 2.5 ஆம்பியர்-மணி உள்ள லித்தியம் மின்கலத்தில் 9 வாட்-மணி ஆற்றல் அடங்கும். 1 வாட் விளக்கு அதில் ஏறத்தாழ 9 மணி நேரம், அதாவது ஓர் இரவு முழுதும், எரியும். இரு கைகளும் ஓய்வாக இருக்கும். தலை திரும்பிய பக்கம் ஒளியும் திரும்பும்.

குறை இரண்டு. மலிவான விளக்குகளில் பொத்தானைச் சுற்றி நீர் புகும். வாளியில் நான் அமிழ்த்திய விளக்கு ஒன்று பத்து நிமிடத்தில் அணைந்தது. வாங்கும்போது உறையின் மேல் ஐ.பி.எக்ஸ். 4 என்றிருந்தால் தெறிக்கும் நீரைத் தாங்கும். 7 என்றிருந்தால் 1 மீட்டர் நீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் தாங்கும். மற்றொரு குறை நம் கண்ணில் இருக்கிறது. கண் இருட்டுக்கு முழுதும் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். எதிர்ப் படகுக்காரர் தம் விளக்கை ஒரு கணம் நம் முகத்தில் அடித்தால், அந்தப் பழக்கம் கலைந்து விடும். ஆகவே மிகப் பிரகாசமானதே மிக நல்லது என்று எண்ணி விடாதீர்கள். ஒளியைக் குறைக்கும் வசதியுள்ள, நீர் புகாத விளக்குக்கு 9, மற்றவற்றுக்கு 5.

கைப்பேசி

கைப்பேசி இல்லாமல் இன்று யாரும் படகேறுவதில்லை. அது எவ்வளவு தூரம் எட்டும்? பூமி உருண்டை ஆகையால், உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 3.57ஆல் பெருக்கினால் அடிவானத் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். படகில் 1 மீட்டர் உயரத்தில் பிடித்த கைப்பேசிக்கு 3.6 கி.மீ.; 36 மீட்டர் கோபுரத்துக்கு 21.4 கி.மீ. இரண்டும் சேர்ந்து 25 கி.மீ. வானொலி அலைகள் சற்று வளைவதால் இது கொஞ்சம் கூடலாம். நடைமுறையில் வேறு காரணங்களால் குறைவதும் உண்டு. ஏரிக்குள் உதவும் கைப்பேசி, முகத்துவாரம் தாண்டிக் கடலில் நெடுந்தொலைவு போனால் வெறும் பெட்டிதான். அங்கே இடத்தை அறிய ஜி.பி.எஸ். போன்ற செயற்கைக்கோள் கருவி வேண்டும். இந்தியாவின் முதல் வழிகாட்டும் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று விண்ணேறியது, இதே ஏரிக்கு அக்கரையிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்துதான்!

தொடுதிரை விரலின் மின் தேக்கத்தை உணர்ந்து வேலை செய்கிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்துவதால், ஈரத் திரை எது விரல், எது நீர் என்று அறியாமல் தடுமாறும். ஆகவே நீர் புகாத பை அவசியம். 190 கிராம் கைப்பேசியின் பருமன் ஏறத்தாழ 95 கன செ.மீ. பைக்குள் இன்னும் 100 கன செ.மீ. காற்று, அதாவது அரைத் தம்ளர் அளவு, இருந்தால் மிதக்கும். காற்றைப் பிதுக்கி எடுத்து விட்டு மூடுபவர்கள் அதை மூழ்கடிக்க ஏற்பாடு செய்கிறார்கள்! காற்றுள்ள பையில் இருந்தால் 7. சட்டைப்பையில் இருந்தால் 2.

மிதவைச் சட்டை

கடைசியாக லைஃப் ஜாக்கெட் என்னும் மிதவைச் சட்டை. மனித உடலின் அடர்த்தி நீரின் அடர்த்தியை ஒட்டியே இருக்கிறது. நீருக்குள் நாம் கிட்டத்தட்ட எடையற்றவர்கள். அப்படியானால் ஏன் மூழ்குகிறோம்? மூச்சுவிடத் தலையை வெளியே நீட்ட வேண்டியிருக்கிறதே! தலையின் எடை 4 அல்லது 5 கிலோ. அது வெளியே வந்தால் அந்த அளவு மிதப்பு விசை குறைகிறது. அதை ஈடு செய்யத்தான் கைகால் அடித்து நீந்துகிறோம். களைத்ததும் மூழ்குகிறோம். உயிருக்கும் சாவுக்கும் இடையே உள்ளது வெறும் 5 கிலோ மிதப்புதான்.

அமைதியான நீர்நிலைகளுக்கு உலகத் தரநிலை வகுத்திருப்பது 100 நியூட்டன், அதாவது ஏறத்தாழ 10 கிலோ மிதப்பு. பத்து லிட்டருக்குச் சற்று மிகுதியான நுரைப் பொருள் இதைத் தந்து விடும். மார்புப் பக்கம் அது மிகுதியாக இருப்பதால், நினைவிழந்தவரைக்கூட மல்லாத்தி முகத்தை மேலே வைக்க வாய்ப்பு உண்டு.

இன்னொரு கணக்கையும் பாருங்கள். கடல்நீரின் அடர்த்தி 1.025. 60 லிட்டர் பருமனுள்ள ஒருவருக்கு நன்னீரைவிடக் கடல்நீரில் 1.5 கிலோ மிதப்பு மிகுதி. கோடையில் ஏரியில் எளிதாக மிதந்தவர், மழைக்குப்பின் அதே இடத்தில் அந்த 1.5 கிலோவை இழக்கிறார். பழகிய ஏரிதானே என்று நினைத்து விடக் கூடாது.

2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் பயணிகளை ஏற்றிய படகு ஒன்று கவிழ்ந்து, குழந்தைகள் உட்பட இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்கள் மிதவைச் சட்டை அணிந்திருக்கவில்லை. விருந்தாளியாகப் படகில் ஏறும் உங்களுக்கு இதில் மறுபேச்சே கூடாது: சட்டை இல்லையேல் படகும் இல்லை.

ஆனால் தொழில் செய்பவரின் நிலை வேறு. வலை இழுப்பவர்கள் பலர் இதை அணியாததற்குக் காரணம் அலட்சியம் மட்டுமன்று. வலையின் கண்ணிகள் கொக்கியில் மாட்டும். மார்பின் பருமன் குனிந்து இழுக்க விடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெக்கை! சிந்தித்துப் பாருங்கள்: நுரையில் சிறைப்பட்ட காற்றுதான் மிதப்பைத் தருகிறது. அதே காற்று வெப்பத்தைக் கடத்தாததால் உடலின் சூட்டையும் வெளியே விடுவதில்லை. குணமும் குறையும் ஒரே இடத்திலிருந்து பிறக்கின்றன. கார்பன் டை ஆக்சைடு குப்பியால் தேவைப்படும்போது மட்டும் ஊதிக் கொள்ளும் இடுப்புப் பட்டைகள் உள்ளன. 33 கிராம் வாயு அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 18 லிட்டர் ஆகும். ஆனால் நண்டின் கொடுக்கும் மீன் முள்ளும் அதைக் குத்தி விடலாம், குப்பி உப்பில் அரிக்கும், விலையும் மிகுதி.

ஆகவே அணிந்த சட்டைக்கு 10. இருக்கைக்கு அடியில் கிடக்கும் சட்டைக்கு 0. நான் சோதித்த பொருள்களுள் இவ்வளவு பெரிய இடைவெளி வேறு எதற்கும் இல்லை. பறி வெற்றி பெற்றதன் காரணமும் இங்கேதான் விளங்குகிறது. அதைச் செய்தவர்கள் வேலை செய்யும் உடலை முதலில் பார்த்தார்கள். பிறகு பொருளைப் பின்னினார்கள்.

இப்போது உங்களுக்கு ஒரு வேலை. வெப்பத்தை வெளியே விடுவதாக, வலை மாட்டாததாக, குத்தினாலும் முழுதும் பழுதாகாததாக, 10 லிட்டர் மிதப்பு தருவதாக ஒரு சட்டையைக் காகிதத்தில் வரைந்து பாருங்கள். 10 லிட்டரை ஒரே கட்டியாக வைக்க வேண்டும் என்பதில்லை. சிறு சிறு துண்டுகளாகப் பிரித்து இடையே காற்றோட்டம் விட்டால் என்ன? எந்தத் துண்டு மார்பில், எது முதுகில்? ஒரு பொம்மைக்குத் தெர்மகோல் துண்டுகளைக் கட்டி வாளி நீரில் விட்டு, முகம் மேலே வருகிறதா என்று பாருங்கள். சோதனை வாளியோடு நிற்கட்டும். ஏரி, குளம், கிணறு வேண்டாம். 35 கிராம் உப்பை நீரில் கரைத்து ஒரு லிட்டராக்கினால் ஏறத்தாழக் கடல்நீர் கிடைக்கும். நன்னீரிலும் உப்புநீரிலும் முடிவுகளை ஒப்பிட்டுக் குறிப்பேட்டில் எழுதுங்கள். வலை இழுப்பவர் ஒருவர் விரும்பி அணியும் சட்டையை உங்களில் ஒருவர் உருவாக்கி விட்டால், பசியாவரத்தில் மட்டுமல்ல, நம் கடற்கரை நெடுகிலும் பல வீடுகளில் இரவில் நிம்மதியாகத் தூங்குவார்கள்.