நாற்பது ரூபாய் பாக்கி

புதுக்கோட்டை திருவப்பூர் மாரியம்மன் கோயில் மாசித் திருவிழாவில், நரிக்குறவர் பெண் ஒருவர் பாசிமணி கோத்து விற்றுக்கொண்டிருந்தார். பேத்திக்கு மணிக் கொலுசு கேட்டேன். "ஜோடி நூறு ரூபா சாமி" என்றார். பாசிக்கு இவ்வளவா என்று பேரம் பேசி அறுபதுக்கு வாங்கினேன். வீட்டில் பெருமை வேறு அடிச்சுக்கிட்டேன்!

மறுநாளே பேத்தி ஒன்றை அறுத்துவிட்டாள். நானே கோத்துடலாம்னு உட்கார்ந்தேன். கடுகளவு மணி, நிற வரிசை மாறக் கூடாது. இரண்டு மணி நேரத்தில் பாதிகூட முடியவில்லை, கண்தான் எரிந்தது.

மீதி நாற்பது ரூபாயோடு கோயிலுக்கு ஓடினேன். சிரித்தபடி வாங்கிக்கொண்டு, அறுந்ததையும் கோத்துத் தந்தார். 2023-ல் இவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்த்தார்களே, மகளுக்கு அந்தச் சான்றிதழ் வாங்கியாச்சாம். பத்தாவது படிக்கிறாளாம். "அதுக்குக் கோக்கத் தெரியாது சாமி. நான்தான் சொல்லித் தரலை" என்றார்.

- ஒரு வாசகி, புதுக்கோட்டை.