வீடியோ கேம் மோட்கள் யாருக்குச் சொந்தம்?

மோட் என்பது ஒரு வீடியோ கேமை அதன் ரசிகர்கள் தாங்களாகவே மாற்றியமைத்து உருவாக்கும் சேர்க்கை அல்லது திருத்தம் ஆகும். மாற்றியமைத்தல் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே இப்பெயர். ஒரு பாத்திரத்தின் உடை நிறத்தை மட்டும் மாற்றும் சிறு கோப்பும் மோட்தான். மூல விளையாட்டின் கதை, களம், விதிகள் அனைத்தையும் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டிய முழு விளையாட்டும் மோட்தான். பெரும்பாலானவை ஊதியம் எதுவுமின்றி உருவாக்கப்பட்டு இலவசமாகப் பகிரப்படுகின்றன. இன்று உலகெங்கும் விளையாடப்படும் கவுன்டர்-ஸ்ட்ரைக், டோட்டா ஆகிய இரண்டுமே மோட்களாகத் தொடங்கியவை.

ஒரு மோட் இலவசமாக இருக்கும்வரை அதன் உரிமையாளர் யார் என்று பெரும்பாலும் எவரும் கேட்பதில்லை. அதில் பணம் வரத் தொடங்கும்போதோ, வேறொருவர் அதை நகலெடுக்கும்போதோதான் கேள்வி எழுகிறது. அப்போது இரண்டு பதில்கள் சொல்லப்படுகின்றன. நிறுவனத்தின் கேம் மேல் கட்டியதெல்லாம் நிறுவனத்துக்கே என்பது ஒன்று. உழைத்துச் செய்தவருக்கே என்பது மற்றொன்று. இரண்டிலும் பாதி உண்மைதான் உள்ளது. ஒரே மோட்டுக்குள் பலருடைய பொருள்கள் கலந்து கிடக்கின்றன. எது யாருடையது என்று பிரித்துப் பார்க்காமல் விடை சொல்ல இயலாது. இது குறித்த முக்கிய வழக்குகள் அமெரிக்காவில் நடந்தவை என்பதால், இக்கட்டுரையும் அந்நாட்டுச் சட்டத்தையே பெரிதும் பின்பற்றுகிறது.

மோட்டுக்குள் இருப்பவை

1993 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட டூம் விளையாட்டில், விளையாட்டை இயக்கும் நிரல் தனியாகவும், களங்கள், படங்கள், ஒலிகள் ஆகியவை வேறு கோப்பாகவும் வைக்கப்பட்டிருந்தன. ரசிகர்கள் மாற்றிப் பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது. நிரலைத் தொடாமலே எவரும் தம் சொந்தக் களத்தை உருவாக்கி மாட்டிக்கொள்ள முடிந்தது. இணையத்தில் டூம் களங்கள் குவிந்தன. 1996இல் வெளிவந்த ஃபைனல் டூம் தொகுப்பில், ரசிகர் குழு ஒன்று இலவசமாக வெளியிடவிருந்த களங்களை ஐடி விலைக்கு வாங்கிச் சேர்த்தது.

இந்தப் பிரிப்பை மனத்தில் வைத்துக்கொண்டால் உரிமைச் சிக்கல் விளங்கும். ஒரு மோட் ஓடும்போது திரையில் தெரிவதில் இயக்க நிரல் நிறுவனத்துடையது. சுவர், அரக்கன், துப்பாக்கி ஆகியவற்றின் படங்களும் பெரும்பாலும் நிறுவனத்துடையவையே. எந்த அறைக்குப் பின் எந்த அறை, எங்கே எதிரி பதுங்கியிருக்கிறான், கதை எப்படி நகர்கிறது என்பவை மோட் செய்தவருடையவை. இவற்றோடு மூன்றாம் தரப்பினரின் பொருளும் சேர்வதுண்டு. திரைப்படப் பாத்திரம், பிரபலமான பாட்டு, இன்னொரு மோட்டிலிருந்து எடுத்த அசைவூட்டம் போன்றவை இவ்வகை. 1990களின் பிற்பகுதியில் குவேக் விளையாட்டுக்காக ஏலியன் திரைப்படங்களைத் தழுவி உருவாக்கப்பட்ட மோட்டை, படங்களின் உரிமையாளரான ட்வென்டியத் செஞ்சுரி ஃபாக்ஸ் நிறுத்தச் செய்தது. இவ்வாறு ஒரு மோட் முடக்கப்படுவதற்கு 'ஃபாக்ஸ் ஆவது' என்றே மோட் வட்டாரங்களில் ஒரு சொல்வழக்கு உண்டாயிற்று.

சட்டத்தின் அடிப்படை

ஒரு படைப்பைத் தழுவி இன்னொன்றை உருவாக்கும் உரிமை மூலப் படைப்பின் பதிப்புரிமையாளருக்கே உரியது. நாவலைப் படமாக்க நாவலாசிரியரின் அனுமதி வேண்டும் என்பது போன்றதே இது. அனுமதியோடு உருவான தழுவலில், தழுவியவர் புதிதாகச் சேர்த்த பகுதி தழுவியவருக்குச் சொந்தம். மூலத்திலிருந்து வந்தது மூலவருக்கே சொந்தம். அனுமதியின்றி உருவானால், மூலப்பொருளைச் சட்டவிரோதமாகப் பயன்படுத்திய பகுதிக்கு அமெரிக்கச் சட்டம் பாதுகாப்பு அளிப்பதில்லை.

அடுத்தவர் மனையில் நம் செங்கல்லைக் கொண்டு கட்டிய வீட்டை இதற்கு ஒப்பிடலாம். செங்கல் நம்முடையதுதான், ஆனால் மனைக்காரர் சம்மதிக்காமல் அதில் குடியிருக்கவோ அதை விற்கவோ முடியாது. அதே வேளையில், மனை தம்முடையது என்பதற்காக மனைக்காரரும் செங்கல்லை எடுத்து விற்றுவிட முடியாது. இந்த இரண்டாம் பாதியைப் பலர் மறந்துவிடுகின்றனர்.

முந்நூறு களங்களின் வழக்கு

1996இல் வெளிவந்த டியூக் நியூக்கெம் 3டி விளையாட்டுடன் களம் அமைக்கும் கருவியும் தரப்பட்டது. உருவாக்கும் களங்களை இலவசமாக மட்டுமே பகிர வேண்டும் என்பது நிபந்தனை. மைக்ரோ ஸ்டார் என்ற நிறுவனம் ரசிகர்கள் இணையத்தில் ஏற்றியிருந்த 300 களங்களைத் திரட்டி, 'நியூக் இட்' என்ற பெயரில் குறுந்தகட்டில் பதிந்து விற்றது. விளையாட்டை வெளியிட்ட ஃபார்ம்ஜென் நிறுவனத்துக்கும் அதற்கும் வழக்கு மூண்டது.

மைக்ரோ ஸ்டாரின் வாதம் சாதாரணமானதன்று. களக்கோப்பில் டியூக் நியூக்கெமின் படம் ஒன்றுகூட இல்லை. எந்தப் படத்தை எங்கே வைக்க வேண்டும் என்ற குறிப்புகள் மட்டுமே உள்ளன. படங்கள் எல்லாம் வாங்கியவரின் கணினியில் ஏற்கெனவே உள்ள மூல விளையாட்டிலிருந்தே வருகின்றன. பிறகு நகல் எங்கே? 1992இல் நின்டெண்டோ தொடர்பான வழக்கு ஒன்றில், ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டின் சில மதிப்புகளை மட்டும் மாற்றும் கேம் ஜீனி என்ற கருவி தழுவல் படைப்பை உருவாக்கவில்லை என்று இதே மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்தத் தீர்ப்பையே மைக்ரோ ஸ்டார் துணைக்கு அழைத்தது.

1998இல் தீர்ப்பெழுதிய நீதிபதி அலெக்ஸ் கொசின்ஸ்கி அதை ஏற்கவில்லை. களக்கோப்பு திரையில் தோன்றப்போவதைத் துல்லியமாக எழுதிவைக்கிறது. ஒரு பாட்டின் இசைக்குறிப்பைத் தாளில் எழுதினால் அதில் ஓசை இல்லையென்றாலும் பாட்டு இருப்பது போல, இதிலும் விளையாட்டு இருக்கிறது என்றார். அத்துடன், இக்களங்கள் டியூக் என்ற நாயகனின் புதிய சாகசங்களைச் சொல்கின்றன. கதையின் தொடர்ச்சியை எழுதும் உரிமை மூலவருக்கே உண்டு. இலவசமாகப் பகிரலாம் என்று அனுமதித்ததால் நிறுவனம் தன் உரிமையைக் கைவிட்டதாகவும் ஆகாது என்றது நீதிமன்றம். இலவசப் பகிர்வுக்கான அனுமதி விற்பனைக்கான அனுமதி அல்ல.

தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்று பலராலும் கவனிக்கப்படுவதில்லை. இதே களக்கோப்புகளை வேறொரு விளையாட்டில் மாட்டி, டியூக்குக்குத் தொடர்பேயில்லாத ஒரு சாதுவான ஆள் உப்புக்குடுவைகளோடு சண்டையிடும் கதையாக ஓட்ட முடிந்தால், அப்போது அவை டியூக் கதையைச் சொல்லவில்லை, ஆகவே மீறலும் இல்லை என்கிறது அது. வேடிக்கையாகச் சொன்னதானாலும், மோட் உரிமை பற்றிய மிகப் பயனுள்ள அளவுகோல் இதுதான் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மூல விளையாட்டிலிருந்து கழற்றிய பின் எது எஞ்சி நிற்கிறதோ அதுதான் மோட் செய்தவரின் உறுதியான சொத்து.

அந்த வழக்கில் வாதி, பிரதிவாதி இருவருமே நிறுவனங்கள். அந்த 300 களங்களையும் கட்டிய ரசிகர்களில் எவரும் வழக்கில் தரப்பினர் அல்லர்.

டோட்டா: கைமாறிய மோட்

2002இல் வெளிவந்த ப்ளிஸார்டின் வார்கிராஃப்ட் 3 விளையாட்டில் களம் அமைக்கும் கருவி இணைக்கப்பட்டிருந்தது. யூல் என்ற புனைபெயர் கொண்டவர் 2003இல் அதைக்கொண்டு டோட்டாவை உருவாக்கினார். பின்னர் கின்சூ என்பவர் பலரின் பதிப்புகளிலிருந்து எடுத்துத் தொகுத்து வளர்த்தார். 2005 முதல் ஐஸ்ஃப்ராக் பொறுப்பேற்றார். 2004இல் யூல், விரும்பியவர் எவரும் தம் அனுமதியின்றியே டோட்டாவின் பதிப்பை வெளியிடலாம் என்ற பொருளில் இணையத்தில் எழுதியிருந்தார். அன்று அது ஓய்வுபெறும் ஒருவரின் பெருந்தன்மை. பின்னாளில் அதுவே நீதிமன்றச் சான்றாயிற்று.

ஐஸ்ஃப்ராக் வால்வ் நிறுவனத்தில் சேர்ந்து டோட்டா 2ஐ உருவாக்கினார். பெயர் யாருக்கு என்று வால்வும் ப்ளிஸார்டும் மோதிக்கொண்டு 2012இல் சமரசம் செய்துகொண்டன. வணிக நோக்கில் பெயரைப் பயன்படுத்துவது வால்வுக்கு. ப்ளிஸார்ட் தன் விளையாட்டின் பெயரை மாற்றிக்கொண்டது. இதற்கிடையே யூல், ஐஸ்ஃப்ராக் ஆகியோரின் உரிமைகள் வால்வுக்கும், கின்சூவின் உரிமைகள் ரையட் நிறுவனம் வழியாக ப்ளிஸார்டுக்கும் எழுதிக்கொடுக்கப்பட்டன.

2015இல் இவ்விரு நிறுவனங்களும் சேர்ந்து, டோட்டா நாயகர்களை நகலெடுத்ததாக லிலித் கேம்ஸ், யூகூல் ஆகியவற்றின் மீது வழக்குத் தொடர்ந்தன. யூகூல் திருப்பிக் கேட்டது: யூல் தம் படைப்பைப் பொதுவில் விட்டுவிட்டாரே, உங்களுக்கு ஏது உரிமை? 2017இல் நீதிபதி சார்லஸ் பிரேயர், விசாரணையின்றியே தமக்குச் சாதகமாக முடிக்கக் கோரிய யூகூலின் மனுவை மறுத்தார். யூல் உண்மையில் உரிமையைத் துறந்தாரா என்பதை நடுவர் குழுதான் முடிவுசெய்ய வேண்டும் என்றார்.

இவ்வழக்கில் நாம் கவனிக்க வேண்டியது, மாபெரும் நிறுவனங்கள் இரண்டும் தம் உரிமைக்கு ஆதாரமாகக் காட்டியது ரசிகர்களிடமிருந்து எழுதி வாங்கிய உரிமைகளைத்தான் என்பதே. மோட் செய்தவருக்கு எதுவுமே சொந்தமில்லை என்றால் அவரிடம் எழுதி வாங்க வேண்டிய தேவையே இருந்திருக்காது.

ஒப்பந்தம்

டோட்டா கைநழுவிப் போனதன் தழும்பை ப்ளிஸார்டின் பிற்கால விதிகளில் பார்க்கலாம். 2020 ஜனவரியில் வார்கிராஃப்ட் 3: ரீஃபோர்ஜ்டு வெளியானபோது, ரசிகர்கள் அதில் உருவாக்கும் விளையாட்டுகள் அனைத்தும் ப்ளிஸார்டின் தனிச்சொத்து என்று அதன் பயன்பாட்டுக் கொள்கை வெளிப்படையாகக் கூறியது. மைன்கிராஃப்டின் ஒப்பந்தம் நேர் எதிரானது. அடியிலிருந்து சொந்தமாக எழுதிய மோட் எழுதியவருக்கே உரியது. ஆனால் அதை விற்கக் கூடாது என்கிறது அது.

பதிப்புரிமையை மாற்றித்தர எழுத்தும் கையெழுத்தும் வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். 'ஏற்கிறேன்' என்ற பொத்தானை அழுத்துவது கையெழுத்தாகுமா? வீட்டுமனை விற்பனைப் படங்கள் தொடர்பான வழக்கொன்றில், ஆகும் என 2013இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. எனவே, நாம் படிக்காமல் கடந்துபோகும் அந்தப் பக்கத்தில்தான் பல மோட்களின் உரிமை தீர்மானமாகிறது.

ஒப்பந்தம் எப்போதும் நிறுவனத்துக்கே துணைநிற்கும் என்றும் சொல்ல முடியாது. மைன்கிராஃப்ட் சர்வர்களுக்கான பக்கிட் என்ற மோட் திட்டம் பலர் சேர்ந்து கட்டற்ற உரிமத்தின்கீழ் எழுதியது. அது தன்னுடையது என்று மைன்கிராஃப்டின் உரிமையாளரான மோஜாங் 2014இல் அறிவித்தது. சில நாள்களிலேயே, அதற்கு நிரல் எழுதித்தந்த பங்களிப்பாளர் ஒருவர் தம் பகுதிக்கான பதிப்புரிமையைக் காட்டி அறிவிப்பு அனுப்பினார். அதன் பதிவிறக்கங்கள் நிறுத்தப்பட்டன.

ஸ்கைரிம்: நான்கு நாள் சந்தை

2015 ஏப்ரல் 23 அன்று வால்வும் பெதஸ்டாவும் ஸ்கைரிம் மோட்களை ஸ்டீம் தளத்தில் விற்க அனுமதித்தன. மோட் செய்தவருக்கு 25 விழுக்காடு, பெதஸ்டாவுக்கு 45, வால்வுக்கு 30. எதிர்ப்பு கடுமையாக எழுந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டனர். பங்கு விகிதம் குறித்த கோபம் இருந்தது. இலவசமாகக் கிடைத்ததற்குக் காசா என்ற முணுமுணுப்பும் இருந்தது. ஆனால் உண்மையான சிக்கல் வேறிடத்தில் வெளிப்பட்டது. முதல் நாளே விற்பனைக்கு வந்த மீன்பிடி மோட் ஒன்று இன்னொருவரின் இலவச அசைவூட்டப் படைப்பைச் சார்ந்திருந்தது. இலவசமாக இருந்தவரை ஒருவர் தோளில் ஒருவர் ஏறி நின்றது நட்பு. விலை ஒட்டியதும் அது உரிமை மீறல் குற்றச்சாட்டாயிற்று. ஏப்ரல் 27 அன்று திட்டம் கைவிடப்பட்டு, பணம் திருப்பித் தரப்பட்டது. 2017இல் பெதஸ்டா தொடங்கிய கிரியேஷன் கிளப்பில், மோட் செய்பவர்களை முன்கூட்டியே ஒப்பந்தம் செய்து ஊதியம் தரும் முறை வந்தது.

கழற்றிய பின் எஞ்சுவது

வழக்கின்றி நிறுவனமும் ரசிகரும் உடன்பட்ட சில எடுத்துக்காட்டுகளும் உள்ளன. மின் லீ, ஜெஸ் கிளிஃப் இருவரும் 1999இல் ஹாஃப்-லைஃபுக்காக உருவாக்கிய கவுன்டர்-ஸ்ட்ரைக்கை 2000இல் வால்வ் வாங்கிக்கொண்டது. ஹாஃப்-லைஃபையே ரசிகர்கள் புதுப்பித்துக் கட்டிய பிளாக் மேசாவை விற்க வால்வ் அனுமதித்தது.

விளையாடும் முறை எவருக்கும் சொந்தமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பதிப்புரிமை கருத்தைக் காப்பதில்லை, அதன் வெளிப்பாட்டையே காக்கிறது. டோட்டா 2க்குள் மோட்டாகப் பிறந்த ஆட்டோ செஸ் 2019இல் புகழடைந்தபோது, அதை உருவாக்கிய ட்ரோடோ குழு டோட்டா பாத்திரங்களை நீக்கிவிட்டுத் தனி விளையாட்டாக வெளியிட்டது. அதே ஆண்டில் அதே விளையாட்டு முறையில் வால்வும் ரையட்டும் தத்தம் விளையாட்டுகளை வெளியிட்டன. எவரும் எவரையும் தடுக்க முடியவில்லை.

ஸ்கைரிமுக்காக 2015இல் வெளிவந்த தி ஃபார்காட்டன் சிட்டி என்ற மோட், ஒருவர் குற்றம் செய்தால் நகரமே அழியும் என்ற விதிக்குட்பட்ட ஒரு நிலத்தடி நகரின் கதை. ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருதை 2016இல் அது பெற்றது. அதை எழுதிய நிக் பியர்ஸ் பிறகு ஸ்கைரிமின் உலகத்தை முழுவதுமாக விலக்கினார். ஸ்கைரிமுக்குரிய இனத்தாரின் நகரம் பண்டைய ரோமானிய நகரமாயிற்று. இயக்க நிரல் அன்ரியல் ஆயிற்று. விதியும் கதைப்பின்னலும் மட்டும் உடன் வந்தன. அவை அவருடையவை. 2021 ஜூலையில் அது தனி விளையாட்டாக விற்பனைக்கு வந்தது.