தலையும் வாலும் இல்லாத கம்பி

கோயம்புத்தூரில் ஒரு ரீவைண்டிங் பட்டறை. காலை ஒன்பதரை மணி. இரண்டு மரக்கட்டைகளின் பள்ளத்தில் ஷாஃப்டைக் கிடத்தி ஓர் ஆர்மேச்சரை வைத்திருக்கிறார்கள். உடம்பில் ஒரு கம்பிகூட இல்லை. கழுவித் துடைத்த வெறும் இரும்பு. மாலைக்குள் இதில் 81 காயில்கள் ஏறப்போகின்றன, நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்க்கப்போகிறேன்! முக்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, "உக்காருங்க, கையை மட்டும் நீட்டீராதீங்க" என்றார் மேஸ்திரி. நாற்பது வருடமாகக் கம்பி சுற்றிய கை அவருடையது.

ஆர்மேச்சர் என்றால் டிசி மோட்டாரில் சுழலும் பாகம். மிக்ஸி ஓடும்போது காற்றுத் துளை வழியே நீலமாகப் பொறி தெரியுமே, அங்கே சுழல்வதும் இதன் தம்பிதான். 1895-இல் சென்னைத் தெருக்களில் மாடும் குதிரையும் இல்லாமல் டிராம் ஓடத் தொடங்கியதும் இந்தச் சங்கதியால்தான். இன்று மேசைக்கு வந்திருப்பது ஒரு காகித ஆலையின் மோட்டார். நான்கு காந்த முனை (போல்), கம்பி இறங்கும் 27 பள்ளம் (ஸ்லாட்), கம்பி முனைகள் சேரும் 81 செம்புப் பட்டை (செக்மெண்ட்). இந்த மூன்று எண்களை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பார்க்கக் கட்டி இரும்பு மாதிரி இருக்கிறது. கட்டி இரும்பே இல்லை! அரை மில்லிமீட்டர் கனத்தில் சிலிக்கான் எஃகுத் தகடுகள், ஒவ்வொன்றுக்கும் மெல்லிய இன்சுலேஷன் பூச்சு கொடுத்து, சீட்டுக்கட்டு போல அடுக்கி அழுத்தியது. இந்த 15 செ.மீ. நீளத்துக்குள் சுமார் 300 தகடு. காந்தப்புலத்தில் சுழலும்போது இரும்புக்குள்ளேயே சுழல் மின்னோட்டம் கிளம்பிச் சூடேற்றும்; தகடு தகடாகப் பிரித்துவிட்டால் அதற்கு ஓட இடமில்லை. பழைய வைண்டிங்கை எரித்து எடுக்கும்போது சூடு மிஞ்சினால் அந்தப் பூச்சு போய்விடும். அப்புறம் எவ்வளவு அழகாகக் கம்பி ஏற்றினாலும் மோட்டார் காய்ந்துகொண்டேதான் இருக்கும். அந்த அடுப்பை மட்டும் மேஸ்திரி வேறு யார் கையிலும் விடுவதில்லை.

அவிழ்ப்பதற்கு முன்பே டேட்டா எடுத்தாயிற்று. ஓரமெல்லாம் எண்ணெய் ஏறிய ஒரு நோட்டில் இந்த மோட்டாருக்கென்று ஒரு பக்கம்: கம்பி எத்தனை கேஜ், காயிலுக்கு எத்தனை சுற்று, எந்த ஸ்லாட்டில் இறங்கி எந்த ஸ்லாட்டில் ஏறுகிறது, ஸ்லாட்டின் நடுக்கோடு எந்தச் செக்மெண்டுக்கு நேரே வருகிறது. கடைசியாகச் சொன்னதற்காக இரும்பில் பஞ்ச் வைத்து ஒரு சின்னப் புள்ளியும் உண்டு. அது தவறினால், செக்மெண்டுகளை உரசி மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் ஓரிடம் நிற்க, காயில் வேறிடத்தில் மாற, பொறி பறக்கும்.

இனி அந்த 81. என்னைக் கிறங்கடித்தது இதுதான்.

கம்யூட்டேட்டர் என்பது செம்புப் பட்டைகளை வட்டமாக நிறுத்தி, இடையிடையே மைக்கா வைத்து இறுக்கிய உருளை. ஒவ்வொரு பட்டையும் ஒரு செக்மெண்ட். காயிலின் ஒரு முனை ஒரு செக்மெண்டில் சேரும், மறுமுனை இன்னொன்றில். எந்த இன்னொன்றில்? லேப் வைண்டிங் என்றால் பக்கத்துச் செக்மெண்டிலேயே. வேவ் வைண்டிங் என்றால் வட்டத்தைப் பாதி கடந்து ஒரு தாவல். நம் மோட்டார் வேவ்.

மேஸ்திரி சாக்பீஸ் எடுத்துச் சிமெண்டுத் தரையில் வட்டம் போட்டார். பாண்டிக் கட்டம் மாதிரியே எண் எழுதினார். ஒன்றில் நின்று 40 தாண்டினால் 41. இன்னொரு 40 தாண்டினால் 81. அது ஒன்றுக்குப் பக்கத்து வீடு! வட்டத்தை ஒரு சுற்று வந்தாயிற்று, ஆனால் புறப்பட்ட இடத்துக்கு ஒரே ஒரு வீடு முன்னதாக நிற்கிறோம். அங்கிருந்து 40 தாண்டினால், 40. பிறகு 80. பிறகு 39, 79, 38, 78... இப்படியே எந்த வீட்டையும் விடாமல், எதையும் இரண்டு தடவை மிதிக்காமல், 81-ஐயும் தொட்டுவிட்டுக் கடைசியில் ஒன்றுக்கே வந்து சேர்கிறது. தரையில் குந்தி விரலால் எண்ணி எண்ணிப் பார்த்தேன். அப்படியேதான் வருகிறது!

"80 செக்மெண்ட் வச்சா என்னங்க ஆகும்?"

"ஒண்ணு, நாப்பத்தொண்ணு, திரும்ப ஒண்ணு. ரெண்டே காயில்ல கதை முடிஞ்சுதுங்க. நாலு போல் வேவுக்கு ஒத்தப்படை வேணும்."

ஆக, 81 காயிலும் சேர்ந்து தலையும் வாலும் இல்லாத ஒரே வளையம். பிரஷ் வழியே நுழையும் மின்சாரம் அந்த வளையத்தில் இரண்டாகப் பிரிந்து ஓடி, இன்னொரு பிரஷில் சேர்ந்து வெளியேறும். வேவில் எத்தனை போல் இருந்தாலும் பாதை இரண்டுதான்; லேப்பில் போல் எத்தனையோ அத்தனை பாதை. வோல்டேஜ் கூடுதலாக வேண்டிய இடத்துக்கு வேவ், ஆம்பியர் கூடுதலாக வேண்டிய இடத்துக்கு லேப்.

கம்பி எப்போதும் இப்படி வெளிப்புறத்திலேயே இருந்ததில்லை. பெல்ஜியத்தில் பிறந்த கிராம் என்பவர் 1870-களின் தொடக்கத்தில் செய்த மெஷினில் ஆர்மேச்சர் ஓர் இரும்பு வளையம். கம்பி அதன் உள்ளும் புறமுமாகச் சுற்றியிருந்தது. உள்ளே போன கம்பியால் வேலை ஒன்றும் நடக்கவில்லை. 1872-இல் சீமன்ஸ் நிறுவனத்தின் ஹெஃப்னர்-ஆல்டனெக் கம்பியை உருளையின் வெளிப்புறத்துக்கே கொண்டுவந்தார். மேசைமேல் கிடப்பது அந்த வம்சம்.

காயில்களை முன்கூட்டியே சட்டத்தில் சுற்றி, வைர வடிவத்துக்கு இழுத்து, காட்டன் டேப் போட்டு வைத்திருக்கிறார்கள். மூன்று மூன்றாகச் சேர்த்துக் கட்டியதால் 27 கட்டு. ஸ்லாட்டுக்குள் முதலில் இன்சுலேஷன் பேப்பர். ஒவ்வொரு ஸ்லாட்டுக்கும் இரண்டு மாடி. ஒரு கட்டின் ஒரு கால் ஒரு ஸ்லாட்டின் கீழ்மாடியில் இறங்கும். மறுகால் ஆறு ஸ்லாட் தள்ளி மேல்மாடியில். ஏன் ஆறு? 27-ஐ நான்கு முனைக்குப் பங்கு போட்டால் ஆறேமுக்கால் வரும், பின்னத்தை விட்டால் ஆறு. ஒரு கால் வடமுனைக்கு எதிரே நிற்கும்போது மறுகால் தென்முனைக்கு எதிரே நின்றால்தான் இரண்டு காலின் விசையும் ஒரே திசையில் தள்ளும்.

மேல்மாடிக்கு ஒருவர் குடிபோக வேண்டுமென்றால் கீழ்மாடியில் ஏற்கெனவே ஆள் வந்திருக்க வேண்டும். முதல் கட்டு இறங்கும்போது வீடு முழுக்கக் காலி! அதனால் முதல் ஆறு கட்டுக்கு ஒரு கால் மட்டும் உள்ளே போகிறது. மறுகால் ஆறும் அந்தரத்தில், நாடாவில் கட்டித் தொங்குகின்றன. ஏழாவது கட்டிலிருந்து இரண்டு காலும் இறங்கும். ஃபைபர் கட்டையை மேலே வைத்து மரச்சுத்தியால் டப், டப், டப். ஒரு ஸ்லாட் நிறைந்ததும் பேப்பரை மடித்து மூங்கில் ஆப்பு. பகல் முழுக்க இந்தத் தாளம்தான்.

மூன்றரை மணிக்கு மீதி ஆறு கட்டு. "கண்ணு, அதைத் தூக்கிப் புடி" என்றார் மேஸ்திரி. உதவிக்கு நிற்கும் பையன், தொங்கிய ஆறு கால்களையும் சேர்த்து மேலே தூக்கிக்கொண்டான். அதற்கு அடியில் கடைசிக் கட்டுகளின் கீழ்க்கால்கள் ஒவ்வொன்றாக நுழைகின்றன. எனாமலில் ஒரு கீறல் விழுந்தால் போதும், பகல் முழுக்கச் செய்தது வீண். ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள். 25. 26. 27-ஆவதும் இறங்கியது! காலையிலிருந்து காத்துக்கிடந்த ஆறு கால்களும் வரிசையாக மேல்மாடியில் போய் உட்கார்ந்தன. எந்தக் கட்டு முதலில் வந்தது என்பதற்கு அடையாளமே இல்லை. என்னையறியாமல் கைதட்டிவிட்டேன். பையன் சிரித்தான்.

செக்மெண்டுகளின் பள்ளம் வைத்த பின்விளிம்பான ரைசர்களில் கம்பி முனைகள் ஏறின. செக்மெண்டுக்கு இரண்டு, மொத்தம் 162. கீழ்முனைகளைக் காயிலோடு காயிலாகப் பள்ளத்தில் வைத்துக்கொண்டே வந்திருந்தார். மேல்முனைகளுக்கு டெஸ்ட் லாம்ப் வைத்து, இது இன்னாருடைய முனை என்று உறுதி செய்துகொண்டு 40 தாண்டி உட்கார வைத்தார். ஈயம் வைக்க ரோசின் மட்டும்தான். அமிலப் பசை நாளடைவில் செம்பை அரித்துவிடும். உருகிய ஈயம் ரைசருக்குப் பின்னால் ஓடி இரண்டு செக்மெண்டை ஒட்டிவிடாமல் இருக்க, கம்யூட்டேட்டர் பக்கத்தைத் தாழ்த்தி ஆர்மேச்சரையே சாய்த்து வைத்துக்கொண்டார்.

விளக்குப் போட்ட பிறகு க்ரௌலர். வி வடிவில் ஒரு மின்காந்தம். ஏசி கொடுத்தால் உறுமும். அதன் மடியில் ஆர்மேச்சரைக் கிடத்தி, ஒவ்வொரு ஸ்லாட் மேலும் ஆக்சா பிளேடை லேசாகப் பிடித்தபடி சுற்றிவர வேண்டும். உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பிளேடு படபடவென்று துடிக்கும். 27 ஸ்லாட்டிலும் பிளேடு சும்மாவே இருந்தது. பிறகு எனக்குக் காட்டவென்றே, பக்கத்துப் பக்கத்துச் செக்மெண்ட் இரண்டை ஸ்க்ரூடிரைவரால் இணைத்துவிட்டுப் பிளேடை என் கையில் கொடுத்தார். ஓரிடத்தில் துடித்தது. கொஞ்சம் சுற்றினால் இன்னோரிடத்தில். மொத்தம் நான்கு இடம்! ஒன்றிலிருந்து 81-க்குப் போக நடுவில் இரண்டு காயில், இரண்டு காயிலுக்கு நான்கு கால். மத்தியானம் தரையில் சாக்பீஸால் போட்ட கணக்கு இப்போது என் விரலில் நடுங்கியது.

மறுநாள் வேலை பாக்கி இருக்கிறது. ரெசின் ஏறிய கண்ணாடி இழை டேப்பால் காயில் தலைப்புகளை இறுக்கிக் கட்டுவார்கள். 20 செ.மீ. விட்டமுள்ள இந்த ஆர்மேச்சர் நிமிடத்துக்கு 1,500 சுற்று சுற்றும்போது, விளிம்பில் இருக்கும் 100 கிராம் செம்பு 25 கிலோ எடையின் விசையோடு வெளியே பிய்த்துக்கொண்டு போகப் பார்க்கும். பிறகு வார்னிஷ், அடுப்பு. லேத்தில் கம்யூட்டேட்டரைக் கடைந்து, மைக்காவைச் செம்பைவிட ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தாழ்த்துவார்கள். செம்பு தேயும் வேகத்தில் மைக்கா தேயாது, தூக்கி நின்றால் பிரஷ் குதிக்கும். ஓடத் தொடங்கினால் ஒவ்வொரு பிரஷின் கீழும் வினாடிக்கு 2,025 செக்மெண்ட் கடந்து போகும். ஒவ்வொரு காயிலிலும் மின்னோட்டம் வினாடிக்கு 100 தடவை திசை மாறும்.

வார்னிஷ் ஏறிவிட்டால் உள்ளே இருப்பது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் ஊர் ரீவைண்டிங் பட்டறையில் டிசி ஆர்மேச்சர் ஏறும் நாளைக் கேட்டு வையுங்கள். கடைசி ஆறு கட்டு இறங்குவதற்குள் போய்ச் சேர்ந்துவிடுங்கள்.