நிலாவை அளவுகோலாக்கிய ஊட்டி

பிரபஞ்சம் விரிந்து கொண்டிருக்கிறது என்பதற்கு 1929-இல் எட்வின் ஹபிள் அளவீடுகளைத் தந்தார். விரிவை ஏற்றுக் கொண்ட அறிஞர்கள், அது எப்படித் தொடங்கியது என்பதில் இரு அணிகளாகப் பிரிந்தனர். மிக அடர்த்தியான, வெப்பமான நிலையிலிருந்து பிரபஞ்சம் விரிந்தது என்கிறது பெருவெடிப்புக் கொள்கை. தொடக்கமே கிடையாது, விரிவால் உண்டாகும் இடைவெளியில் புதிய பொருள் தோன்றிக் கொண்டே இருப்பதால் பிரபஞ்சம் என்றும் ஒரே தோற்றத்தில்தான் இருக்கும் என்றது மாறாநிலைக் கொள்கை. இதை 1948-இல் ஹாயில், போண்டி, கோல்ட் ஆகிய மூவரும் முன்வைத்தனர்.

எது சரி என்று சோதிப்பது எப்படி? மலாக்காவின் ரப்பர் தோட்டங்களை நினைத்துப் பார்த்தால் எளிதில் விளங்கும். ஆண்டுக்கு ஒரு பகுதியாக மறுநடவு செய்யும் தோட்டத்தில் கன்றும் முதிர்ந்த பால்மரமும் எப்போதும் கலந்தே நிற்கும். எந்த ஆண்டில் படம் எடுத்தாலும் ஒரே காட்சிதான். ஒரே சமயத்தில் நட்ட தோட்டமோ, பழைய படத்தில் வெறும் கன்றுகளாகத் தெரியும்.

வானத்துக்கும் பழைய படம் உண்டு. ஒளியும் ரேடியோ அலையும் பூமிக்கு வந்து சேரக் காலம் பிடிக்கிறது. எனவே வெகு தொலைவைப் பார்ப்பது வெகு பழங்காலத்தைப் பார்ப்பதாகும்.

அப்படிப் பார்த்த இடங்களில் ஒன்று தமிழ்நாட்டின் ஊட்டி. டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தின் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில், 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ரேடியோ தொலைநோக்கி அங்கே 1970-இல் செயல்படத் தொடங்கியது. தொலைவிலுள்ள ஒரு ரேடியோ விண்மீன் மண்டலத்தை நிலா மறைக்கும்போது, அதன் அலை எப்படிக் குறைகிறது என்று பதிவு செய்தார்கள். அதிலிருந்து அந்த மண்டலம் வானில் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்று கணக்கிட்டார்கள்.

1975-இல் ஸ்வரூப்பும் விஜய் கபாஹியும் முடிவுகளை வெளியிட்டனர். மங்கலான மண்டலங்கள், மாறாநிலைக் கொள்கையின் கணக்கைவிடச் சிறியனவாக இருந்தன. அன்றைய பிரபஞ்சம் இன்றுள்ளதைப் போல் இல்லை. 1965-இல் பென்சியாசும் வில்சனும் கண்டறிந்த நுண்ணலைக் கதிர்வீச்சால் ஏற்கெனவே தளர்ந்திருந்த கொள்கைக்கு இது இன்னோர் அடி.

ஹாயிலின் மாணவரும் மாறாநிலைக் கொள்கையின் ஆதரவாளருமான ஜயந்த் நார்லிகர் அப்போது அதே கழகத்தில் பணியாற்றி வந்தார். தம் கழகத்தின் தொலைநோக்கியே தம் கொள்கைக்கு எதிராகச் சாட்சி சொன்னது. அவர் 1993-இல் ஹாயில், பர்பிட்ஜ் ஆகியோருடன் சேர்ந்து அதைத் திருத்தி மீண்டும் முன்வைத்தார். பெரும்பாலான வானியலாளர்கள் ஏற்கவில்லை. நார்லிகர் 2025-இல் காலமானார்.

கொள்கைக்குச் சொந்தக்காரர் யாராக இருந்தாலும், கடைசிச் சொல் அளவீட்டுக்குத்தான்.