யார் ஜாடை?

எங்கள் ஊர் பாலக்கோடு பக்கம். கொஞ்சம் நிலம், தக்காளிதான் போடுகிறோம். கல்யாணமாகி எட்டு வருஷம் குழந்தையில்லாமல், முறைப்படி பதிவு செய்து காத்திருந்து தத்து எடுத்த மகளுக்கு இப்போது ஆறு வயது. அவள் ஒரு தொட்டில் குழந்தை. இந்தத் திட்டத்தை அரசாங்கம் 1992-ல் சேலத்தில் ஆரம்பித்தது. 2001-ல் எங்கள் தருமபுரிக்கும் வந்தது. ஏன் இங்கே வந்தது என்று எங்கள் மாவட்டத்துப் பெண்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்தத் தொட்டிலில் இவளைப் போட்டுவிட்டுப் போனவளை நான் ஒரு நாளும் திட்டினதில்லை. உயிரோடு கொடுத்தாளே!

தத்து கொடுத்த இடத்திலேயே, "விவரம் தெரிய ஆரம்பிக்கும்போதே கதை மாதிரி சொல்லிடுங்கம்மா" என்று படித்துப் படித்துச் சொன்னார்கள். நாங்கள்தான் நாளைக் கடத்தினோம்.

கோடை லீவில் பெங்களூரிலிருந்து வந்த என் நாத்தனார் ஒரு படப் புத்தகம் வாங்கி வந்தாள். சென்னையில் உள்ள கரடி டேல்ஸ் போட்டது, ஷோபா விஸ்வநாத் எழுதிய 'ஹூஸ் லவ்லி சைல்டு கேன் யூ பி?'. குழந்தை வீட்டில் யாரைப் போல என்று பாட்டாகவே போகிறது. இங்கிலீஷ் எனக்கு எழுத்துக்கூட்டித்தான் வரும். நாத்தனார் ராகம் போட்டுப் படிக்க, இவள் கைதட்டிக் கேட்டாள். முடிந்ததும் கண்ணாடி முன்னால் போய் நின்றாள்.

"அம்மா, எனக்கு யார் மூக்கு?"

"அப்பா மூக்குடி" என்று வாய் தவறி வந்துவிட்டது. அவள் போய் என் வீட்டுக்காரர் மூக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது நீளமா இருக்கே" என்றாள். நாத்தனார் முகம் செத்துப்போச்சு. பாவம், அவள் நல்ல எண்ணத்தில்தான் வாங்கி வந்தாள்.

அன்றைக்கு ராத்திரி தூக்கமே இல்லை. பத்தாவதில் மெண்டல், பட்டாணிச் செடி என்று மனப்பாடம் செய்தேனே, அதெல்லாம் ஞாபகம் வந்தது. அம்மாவிடமிருந்து 23 குரோமோசோம், அப்பாவிடமிருந்து 23. மூக்கும் முழியும் அதில் வருகிறது. அதில் என் பங்கு ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் இவள் பேசும்போது கையை ஆட்டுகிறாளே, அது என் மாமியார் அச்சு அசல்! அது எந்தக் குரோமோசோமில் வந்தது? கூடவே கிடந்து வந்தது.

மறுநாள் அவளை மடியில் வைத்து, தொட்டில் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டாள். "அப்போ என் மூக்கு அந்த அம்மாவோடதா?" என்றாள். "இருக்கும்டா கண்ணு" என்றேன். "அவங்க அழுதாங்களா?" என்று கேட்டாள் பாருங்கள், எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. "அழுதிருப்பாங்க" என்றேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு விளையாடப் போய்விட்டாள். நாங்கள் ஆறு வருஷம் பயந்தது இதற்குத்தானா என்று இருந்தது. ஆனாலும் அன்றைக்குச் சோற்றை நானே ஊட்டச் சொன்னாள்.

அப்புறம்தான் நாமே ஒரு புத்தகம் போட்டால் என்ன என்று தோன்றியது. பள்ளிக்கூடத்தில் குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா பாட்டைக் கத்திக் கத்திப் படித்தவள்தானே நானும்! எதுகை மோனை கொஞ்சம் வரும். 40 பக்க நோட்டு ஒன்று, கலர் பென்சில், அவ்வளவுதான் செலவு. நான் எழுதினது இப்படி:

கையை ஆட்டிப் பேசுவேன், ஆயா மாதிரி!
காதைச் சொறிஞ்சு யோசிப்பேன், அப்பா மாதிரி!
களியைக் கண்டா ஓடுவேன், அத்தை மாதிரி!
கலகலன்னு சிரிப்பேன் நான், அம்மா மாதிரி!

படமெல்லாம் அவள் வரைந்தது. ஆயாவுக்குக் கை நாலு போட்டிருக்கிறாள், ஆட்டுவது தெரியணுமாம்.

என் மாமியாரைப் பற்றி ஒன்று சொல்லணும். தத்து எடுக்கும்போது "யார் வித்தோ" என்று முகத்தைத் திருப்பினவர். அந்த நோட்டை வாங்கிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். எழுத்து தெரியாது, படத்தை மட்டும். "நான் இப்படியா கையை ஆட்டுறேன்?" என்று கேட்டார், கையை ஆட்டிக்கொண்டே! வீடே சிரித்தது. போன வாரம் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர், "பாப்பா உங்க யார் ஜாடையும் இல்லையே" என்று ஆரம்பித்தபோது, நான் வாயைத் திறப்பதற்குள் மாமியாரே, "ஏன், என்னை மாதிரிதான். நோட்டுலயே போட்டிருக்குது" என்று சொல்லிவிட்டார்.

மூக்குக்கு மட்டும் ஒரு பக்கம் காலியாக விட்டிருக்கிறோம். அந்த அம்மா முகம் தெரியாதே, என்ன வரையலாம் என்று கேட்டேன். "அவங்க முதுகை வரையறேன். நடந்து போற மாதிரி" என்றாள். இரண்டு நாள் கழித்து, "திரும்பிப் பாக்குற மாதிரி வரையட்டுமா?" என்று கேட்டாள். இன்னும் வரையவில்லை.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தருமபுரி மாவட்டம்.