விசைப்பலகையில் சிந்திய தே ஏன் காய்வதில்லை

விசைப்பலகையில் சிந்தும் திரவம் மடிக்கணினியை இருமுறை தாக்குகிறது. முதல் தாக்குதல் சில வினாடிகளில் முடிந்துவிடும். நீரும் மின்சாரமும் சேர்ந்து செய்யும் வேலை அது. இரண்டாவது, எல்லாம் காய்ந்துவிட்டது என்று வீட்டார் நம்பிய பிறகு, வாரக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கும். ஜோகூர் நீரிணையை ஒட்டிய மார்சிலிங் போன்ற ஈரக்காற்றுப் பகுதியில் இந்த இரண்டாவதுதான் கூடுதல் கெடுதல் செய்கிறது.

தூய நீர் மின்சாரத்தை மிகக் குறைவாகவே கடத்தும். குழாய்நீரில் கரைந்திருக்கும் உப்புகள் அந்தத் திறனைப் பல்லாயிரம் மடங்கு உயர்த்திவிடுகின்றன. கோப்பிக்கடைத் தேயில் பாலின் கால்சியம், பொட்டாசியம், சோடியம் எல்லாம் அயனிகளாக மிதக்கின்றன. சர்க்கரை தானாக மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் பிசினாக ஒட்டிக்கொண்டு மற்றவற்றை அங்கேயே தங்கவைக்கும். கெட்டிப்பால் ஊற்றிய தேயும் பண்டோங் என்னும் இனிப்புப் பால்பானமும் இந்த வகையில் ஒன்றுதான். உப்பு சேர்ந்த விளையாட்டுப் பானங்கள் அவற்றைவிட மோசம். பாலும் சர்க்கரையும் வேண்டாம் என்று ‘தே ஓ கோசோங்’ கேட்பவரின் மடிக்கணினிக்குப் பிழைக்கும் வாய்ப்பு சற்றே அதிகம்!

விசைகளுக்கு அடியில் பெரும்பாலும் மூன்று மெல்லிய பாலியெஸ்டர் தாள்கள் இருக்கும். மேல்தாளிலும் கீழ்த்தாளிலும் வெள்ளி மையால் அச்சிட்ட மின்கோடுகள், நடுத்தாளில் துளைகள். விசையை அழுத்தினால் துளை வழியாக இரு கோடுகளும் தொட்டுக்கொள்கின்றன. கோடுகள் வரிசையும் நிரலுமாகப் பின்னியிருப்பதால், ஒரு சொட்டு இரண்டு கோடுகளை இணைத்துவிட்டால் ஒரு விசைக்குப் பதில் ஒரு வரிசையே கோளாறாகும். தொடாத எழுத்தும் திரையில் வந்து விழும். இத்தாள்களைத் தாண்டி இறங்கும் திரவம் அடுத்துச் சேருமிடம் மதர்போர்டு.

அங்கே மின்சாரம் காத்திருக்கிறது. மடிக்கணினியை அணைத்தாலும் பேட்டரி இணைந்திருக்கும்வரை சில பாதைகளில் 3.3 வோல்ட், 5 வோல்ட் என்று மின்னழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். நீரைப் பிரிக்கக் கோட்பாட்டளவில் 1.23 வோல்ட் போதும். ஈரம் படிந்த இரு முனைகளுக்கு இடையே இந்த அழுத்தம் நிற்கும்போது, நேர்முனையில் செம்பு, வெள்ளி, வெள்ளீயம் போன்ற உலோகங்கள் அயனிகளாகக் கரைந்து எதிர்முனைக்கு நகர்கின்றன. அங்கே மீண்டும் உலோகமாகி, நுண்ணிய கிளைகளாக வளர்கின்றன. கிளையொன்று எதிர்ப்பக்கத்தைத் தொட்டுவிட்டால் அங்கே குறுக்குச்சுற்று. மின்வேதி இடப்பெயர்வு என்பது இதன் பெயர். திரைக்கு ஒளியூட்டும் சுற்று மற்றவற்றைவிட உயர்ந்த அழுத்தத்தில் இயங்குவதால், பழுதுபார்ப்பவர்கள் அரிப்பு தேடி முதலில் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

ஆகவே துடைப்பதற்கு முன்னால் மின்சாரத்தை நிறுத்த வேண்டும். சிங்கப்பூரின் சுவர் மின்சாரம் 230 வோல்ட். கை ஈரமாக இருந்தால் சார்ஜரைத் தொடாமல், துடைத்து உலர்த்திய கையால் சுவரில் உள்ள சுவிட்சை அணைப்பதே பாதுகாப்பு. பிறகு சார்ஜரைக் கழற்றி, மின்பொத்தானைக் கருவி அணையும்வரை, ஏறக்குறைய 10 வினாடி, அழுத்திப் பிடிக்க வேண்டும். கோப்பைச் சேமிப்பதற்காகக் காத்திருக்கும் அரை நிமிடத்தில் கருவியே போய்விடலாம். கழற்றக்கூடிய பேட்டரி என்றால் அதையும் எடுத்துவிட வேண்டும். அடுத்து, பாதி திறந்த புத்தகத்தைக் கவிழ்ப்பதுபோலக் கருவியைக் கவிழ்த்து ஒரு துண்டின்மேல் நிறுத்தலாம். இதற்கு விதிவிலக்கு உண்டு: திங்க்பேட் வகை மடிக்கணினிகள் பலவற்றில் விசைப்பலகையில் விழும் நீர் அடிப்பக்கத் துளைகள் வழியே வெளியேற வடிகால் அமைத்திருக்கிறார்கள். அவற்றைக் கவிழ்க்க வேண்டாம் என்றே பயனர் கையேடு எச்சரிக்கிறது.

இனி உலர்த்தல். சிங்கப்பூரில் விடியலுக்கு முன் ஒப்பு ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டுவது வழக்கம். மழையில்லாத பிற்பகலில் 60 விழுக்காட்டை ஒட்டி இறங்கும். உப்பும் சர்க்கரையும் காற்றின் ஈரத்தை வைத்தே தம் நிலையை முடிவுசெய்பவை. ஈரப்பதம் ஏறக்குறைய 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு காற்றிலிருந்து நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். சர்க்கரைக்கு அந்த எல்லை 85 விழுக்காட்டை ஒட்டி. சர்க்கரையும் உப்புகளும் கலந்த படிவுக்கோ எல்லை தனித்தனிப் பொருள்களின் எல்லையைவிடக் கீழே இறங்கிவிடும். வீவக அடுக்குமாடி வீட்டுச் சமையலறையில் உப்புப் புட்டிக்குள் நான்கைந்து அரிசி போட்டுவைப்பது, உப்பு இப்படி ஈரத்தை இழுப்பதால்தான்.

சன்னல் திறந்த வீட்டில் இரவு ஈரப்பதம் வெளியைவிடச் சற்றுக் குறைவு. ஆயினும் மழைநாளில் இந்த எல்லைகளை எட்டிவிடும். பகலில் காய்ந்து கிடந்த தேக்கறை அப்போது விசைக்கு அடியில் மீண்டும் பாகாகிறது. மதர்போர்டில் நின்றுபோன உலோகக் கிளை மறுபடி வளர வழி பிறக்கிறது. காலையில் முரண்டுபிடித்த மடிக்கணினி, சற்று நேரம் ஓடிச் சூடானதும் ஒழுங்காக வேலைசெய்கிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்: உட்புறச் சூடு அங்குள்ள ஒப்பு ஈரப்பதத்தைக் குறைத்துவிடுகிறது.

அரிசிப் பானைக்குள் புதைக்கும் வழக்கம் இங்கே உதவாது. உப்புப் புட்டியின் சிறிய வெற்றிடத்துக்குப் போதுமான அரிசி, மூடிய கருவிக்குள் தேங்கிய நீரை இழுத்து எடுக்காது. மாவும் துகளும் துளைகளில் ஏறுவதுதான் மிச்சம். கைப்பேசியை அரிசிப்பையில் வைக்க வேண்டாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2024-இல் தன் உதவிப் பக்கத்தில் எழுதியது. முடியுலர்த்தியின் சூடு விசைகளை வளைக்கலாம். அதன் காற்று நீரை உள்ளே தள்ளலாம். வெயில் பேட்டரிக்கு ஆகாது. குளிரூட்டி ஓடும் அறையில் மின்விசிறிக்கு முன் வைப்பது இவை எல்லாவற்றையும்விட மேல், ஏனெனில் குளிரூட்டி காற்றின் ஈரத்தை நீராக்கி வெளியே வடித்துவிடுகிறது.

அப்படி உலர்த்தினாலும் போவது நீர் மட்டுமே. படிவை அகற்றக் கருவியைத் திறந்து, பேட்டரி இணைப்பைத் துண்டித்து, 99 விழுக்காடு ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மென்தூரிகையும் கொண்டு கழுவ வேண்டும். இதன் பரப்பு இழுவிசை நீருடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு; அதனால் சில்லுகளின் அடியில் சிக்கிய நீருக்கும் சென்று கலந்து, அதையும் சேர்த்து ஆவியாகும். சர்க்கரை இதில் எளிதில் கரையாது என்பதால், இனிப்புப் பானம் என்றால் அயனி நீக்கிய நீரால் முதலில் கழுவிவிட்டு, கடைசியில் ஆல்கஹால் ஊற்றுவார்கள். கைச்சுத்திகரிப்பான் இதற்குப் பதிலாகாது. அதில் பொதுவாகச் சேர்க்கும் கிளிசரின் பிசுபிசுப்பாகத் தங்கிவிடும். ஆல்கஹால் ஆவி தீப்பற்றும் என்பதால் சமையலறையில் இதைச் செய்யக் கூடாது.

2021-க்குள் உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரிடமும் தனிப்பட்ட கற்றல் சாதனம் இருக்கும்படி கல்வி அமைச்சு செய்ததிலிருந்து, வீட்டுப் பாட மேசையில் கோப்பையும் கணினியும் அருகருகே இருப்பது சாதாரணமாகிவிட்டது. அத்தகைய கருவியை வீட்டில் திறப்பதற்கு முன் பள்ளியிடம் கேட்பது நல்லது. பல கருவிகளுக்குள் நீர் பட்டால் சிவக்கும் சிறு ஒட்டுகள் இருக்கின்றன. வழக்கமான உத்தரவாதம் திரவச் சேதத்தைப் பொதுவாக ஏற்பதில்லை. சொந்தக் கருவி என்றால் லிட்டில் இந்தியாவுக்கு அருகிலுள்ள சிம் லிம் சதுக்கத்தில் மதர்போர்டு அளவில் பழுதுபார்க்கும் கடைகள் உண்டு. என்ன சிந்தியது, எப்போது என்பதைக் கடைக்காரரிடம் மறைக்காமல் சொன்னால் வேலை சுருங்கும். கருவியே போனாலும், கழற்றக்கூடிய சேமிப்பகம் நனையாமல் இருந்தால் கோப்புகளை வேறொரு கணினியில் எடுத்துவிடலாம்.

பேட்டரி உப்பிப்போனாலோ சூடேறினாலோ மீண்டும் சார்ஜ் செய்யக் கூடாது. பழுதுபார்க்க முடியாத மடிக்கணினிகளை விற்பனையாளர்களும் தயாரிப்பாளர்களும் பொறுப்பேற்றுத் திரும்பப்பெறும் மின்கழிவு ஏற்பாடு சிங்கப்பூரில் 2021 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அவற்றை வீவக குப்பைக் குழாயில் போடாமல் மின்கழிவுத் தொட்டியில் சேர்க்க வேண்டும். உப்பிய பேட்டரியை மட்டும் தொட்டிக்குள் போடாமல் தனியாக ஒப்படைக்க வேண்டும்.